லாரியில் ஏற்ற முடியாத அணி: கல்லூரி ஆட்டமா, தொழில்முறை ஆட்டமா... ரசிகர்களைக் கட்டிப்போடுவது எது?

திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் இருக்கிறது கே.ஜி.கண்டிகை. ஐபிஎல் நடக்கும் மாதங்களில் சாயங்காலம் இந்தப் பக்கம் ஒரு நடை போனால், மஞ்சள் டி-ஷர்ட் கண்ணில் படாமல் இருக்காது. டீக்கடை டிவி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் கையில் இருக்கும் போன் என எல்லா இடத்திலும் ஒரே ஸ்கோர்தான். டிக்கெட் கிடைத்தால் திருத்தணியில் மின்சார ரயிலைப் பிடித்து சேப்பாக்கத்துக்கே போய்விடுகிறவர்களும் உண்டு.

அதே பசங்களிடம் இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "போன வருஷம் உங்க காலேஜ் ஃபுட்பால் டீம் யாரோட ஆடுச்சு? ஜெயிச்சுதா?" பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில். "நம்ம காலேஜுக்கு டீம் இருக்கா?" என்று திருப்பிக் கேட்பவர்களும் இருப்பார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்று தோன்றலாம். பெரிய வீரர்கள், பெரிய பணம், பெரிய வெளிச்சம் இருக்கும் இடத்துக்குத்தானே கூட்டம் போகும்? ஆனால் உலகத்திலேயே அதிகப் பணம் புழங்கும் விளையாட்டு லீக் இருக்கும் நாட்டில் நடப்பது வேறு. அங்கே மிகப் பெரிய மைதானங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்குத்தான் சொந்தம்.

அமெரிக்காவில் கதை தலைகீழ்

முதலில் ஒரு தெளிவு. அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் நாம் ஆடும் கால்பந்து கிடையாது. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரணி ஆட்களை முட்டித்தள்ளி முன்னேறும் ஆட்டம் அது. நம்ம ஊர் கபடியின் பிடியும் பாய்ச்சலும் அதில் கொஞ்சம் தெரியும்.

இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கின் பெயர் என்எஃப்எல். மொத்தம் 32 அணிகள். அந்த அணிகள் ஆடும் மைதானங்களில் மிகப் பெரியதில் சுமார் 82,500 இருக்கைகள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்திலோ 1,07,601 இருக்கைகள். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரின் மக்கள்தொகையே சுமார் 1.24 லட்சம்தான். ஒரு ஊரையே ஏறக்குறைய உள்ளே உட்கார வைத்துவிடலாம். இப்படி ஒரு லட்சம் இருக்கைகளைத் தாண்டிய மைதானங்கள் அங்கே எட்டுப் பல்கலைக்கழகங்களிடம் இருக்கின்றன.

நெப்ராஸ்கா மாநிலம் இன்னும் சுவாரஸ்யமானது. அங்கே என்எஃப்எல் அணியே கிடையாது. ஆனால் லிங்கன் நகரில் இருக்கும் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மைதானத்தில், 1962 முதல் இன்றுவரை ஒவ்வொரு சொந்த ஊர் ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுசாக விற்றுத் தீர்ந்திருக்கிறது. ஆட்டம் நடக்கும் நாளில், மக்கள்தொகைக் கணக்கில் அந்த மைதானம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய 'நகரம்' என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள்.

கல்லூரி ஆட்டத்தின் தரம் தொழில்முறை ஆட்டத்தைவிட உயர்ந்ததா? இல்லை. கல்லூரியில் ஆடுபவர்களில் மிகச் சிறிய பங்குதான் என்எஃப்எல் வாசலை மிதிக்கிறது. கைநழுவிய பந்துகளும், தப்புக் கணக்கு போட்ட ஓட்டங்களும் கல்லூரி ஆட்டத்தில் நிறைய உண்டு. திறமையை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை என்எஃப்எல் பார்த்தால் போதும். சனிக்கிழமை கல்லூரி மைதானத்துக்குப் போகிறவர்கள் வேறு எதையோ தேடித்தான் போகிறார்கள்.

அந்த 'வேறு எது' என்ன?

முதல் விஷயம், யார் முன்னால் வந்தார்கள் என்பது. அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு இடையிலான முதல் ஃபுட்பால் ஆட்டம் என்று சொல்லப்படுவது 1869-ல் நடந்தது. என்எஃப்எல் தொடங்கியது 1920-ல். அதாவது தொழில்முறை லீக் பிறப்பதற்கு முன்பே இரண்டு தலைமுறை ரசிகர்கள் கல்லூரி அணிகளோடு உறவு வைத்துவிட்டார்கள். அப்பா ஆதரித்த அணி, தாத்தா படித்த காலேஜ் என்று அது ஒரு குடும்பச் சொத்து மாதிரி கைமாறி வருகிறது.

இரண்டாவது, எதிரி யார் என்பது. கல்லூரி ஆட்டத்தில் எதிரி பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர், பக்கத்து மாநிலக்காரர். திங்கட்கிழமை ஆபீஸில் அவர் முகத்தில் விழித்தாக வேண்டும். தோற்றால் ஒரு வருஷத்துக்குக் கிண்டல்.

மூன்றாவது, தேதி. திருத்தணிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுக்க ஊர் ஊராக ஜனங்கள் மலையேறுகிறார்கள் என்றால், பக்தி மட்டும் காரணம் இல்லை. அந்த நாள் ஒவ்வொரு வருஷமும் தவறாமல் வரும் என்ற நிச்சயமும் ஒரு காரணம். எங்கே வேலை பார்த்தாலும் லீவு போட்டு வந்துவிடலாம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களுக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. அதுதான் சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமைக்குச் சட்டப் பாதுகாப்பே இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். தொழில்முறை லீக்குகள் ஒளிபரப்பு உரிமையை மொத்தமாக விற்க 1961-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டச் சலுகை கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை, வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும், பள்ளி, கல்லூரி ஆட்டங்கள் நடக்கும் சுற்றுவட்டாரத்தில் தொழில்முறை ஃபுட்பாலை ஒளிபரப்பினால் அந்தச் சலுகை செல்லாது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்காமல் இருக்க நாள்காட்டியிலேயே ஒரு வேலி கட்டினார்கள்.

ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிய அணி

நான்காவது விஷயத்தைச் சொல்ல ஒரு சம்பவம் உதவும். 1984 மார்ச் 28 இரவு. பால்டிமோர் நகரின் என்எஃப்எல் அணியான கோல்ட்ஸ், வீட்டுச் சாமான் ஏற்றும் லாரிகளை வரவழைத்துத் தன் மொத்த உடைமைகளையும் ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிஸுக்குக் கிளம்பிவிட்டது. பால்டிமோர் ரசிகர்கள் தூங்கி எழுந்து பார்த்தால், முப்பது வருஷமாகக் கொண்டாடிய அணி ஊரில் இல்லை.

முதலாளிக்கு அது ஒரு தொழில் முடிவு. ரசிகருக்கு அது வீட்டை விட்டு ஒருவர் சொல்லாமல் போன மாதிரி. தொழில்முறை அணிக்கு ஒரு உரிமையாளர் இருக்கிறார். அவர் விற்கலாம், மூடலாம், வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். கல்லூரியை அப்படிச் செய்ய முடியாது. அதன் கட்டடமும், மரங்களும், அங்கே படித்து முடித்த ஆயிரக்கணக்கானவர்களின் ஞாபகமும் எந்த லாரியிலும் ஏறாது.

அப்படிப் பார்த்தால், கல்லூரி அணி பிறக்கும்போதே ஊரோடு ஒட்டிக்கொண்டு பிறக்கிறது. தொழில்முறை அணி அந்த ஒட்டுதலைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஊர், இரண்டு அணிகள்: யாழ்ப்பாணம் சொல்லும் பாடம்

அமெரிக்கா ரொம்ப தூரம் என்றால், கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். அங்கே 'கல்லூரி' என்றால் பழம்பெரும் பள்ளிகளையும் குறிக்கும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904-லிருந்து மோதிவரும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு 'வடக்கின் பெரும் போர்' என்று பெயர். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் தடைபட்டாலும், நூறு ஆட்டங்களைத் தாண்டி இன்னமும் நடக்கிறது. மத்திய கல்லூரி மைதானத்தில் நடக்கும் இந்த ஆட்டத்துக்காக, வெளிநாடுகளில் குடியேறிய பழைய மாணவர்கள் டிக்கெட் போட்டு ஊருக்கு வருகிறார்கள். ஆடுபவர்கள் யார்? இன்னும் ஸ்கூல் முடிக்காத பையன்கள்.

அதே ஊரின் பெயரில் ஒரு தொழில்முறை அணியும் உண்டு. லங்கா பிரீமியர் லீக் 2020-ல் தொடங்கியபோது அதன் பெயர் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ். அடுத்த ஆண்டு முதல் ஜஃப்னா கிங்ஸ். 2020, 2021, 2022, 2024 என்று நான்கு முறை கோப்பையை வென்ற அணி. ஆனால் அந்த நான்கு பட்டங்களுக்கான ஆட்டங்களில் ஒன்றுகூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. ஹம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகலை, தம்புள்ளை என்று எல்லாமே வேறு ஊர்கள்தான். சர்வதேசத் தரத்தில் ஒரு மைதானம் வடக்கில் இல்லை என்பது காரணம்.

கோப்பை ஊர்ப் பெயரில் வந்தது. ஆட்டம் ஊருக்கு வரவில்லை.

ஆனால் இரண்டையும் எதிரிகளாக நிறுத்த வேண்டியதில்லை. மத்திய கல்லூரியில் படித்து, பெரும் போரில் ஆடிய சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த்தான் 2020-ல் ஜஃப்னா அணியின் உடையில் களமிறங்கினார். 2024-ல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல்லிலும் பந்து வீசினார். கல்லூரி மைதானம் அவருக்கு ஊரைக் கொடுத்தது. தொழில்முறை லீக் பிழைப்பைக் கொடுத்தது. ஒரு வீரருக்கு இரண்டும் வேண்டும்.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

இங்கே கால்பந்துக்கு மண் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வடசென்னையில் வியாசர்பாடி, குமரிக் கடற்கரையில் தூத்தூர் என்று பந்தோடு பிறந்து வளரும் ஊர்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்த வீரர்களுக்கு வேலையும் அணியும் கொடுத்தவை ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் பேங்க் மாதிரியான நிறுவனங்கள். 1996-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் ஆடிய அணிகளில் ஒன்று இந்தியன் பேங்க்.

பிறகு தொழில்முறைக் காலம் வந்தது. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐஎஸ்எல் தொடங்கியது. சென்னையின் எஃப்.சி. 2015-லும், 2017-18 சீசனிலும் சாம்பியன் ஆனது. இரண்டாவது பட்டத்தின்போது அணியின் நடுக்களத்தில் ஆடியவர் வியாசர்பாடியின் தன்பால் கணேஷ். இன்னொரு பக்கம், ஐ-லீக்கில் சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூரைச் சொந்த ஊராக எடுத்துக்கொண்டு ஆடியது. 2019 மார்ச்சில், கடைசி நாள் ஆட்டத்தில் மினர்வா பஞ்சாப்பை 3-1 என்று வென்று இந்தியாவின் ஐ-லீக் சாம்பியன் ஆனது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் இருந்தவர்களுக்கு அது வாழ்நாள் ஞாபகம்.

ஆனால் 2021-22 ஐ-லீக் தொடங்கியபோது பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. சாம்பியன் ஆகி மூன்று ஆண்டுகூட முடியவில்லை. கோவை ரசிகர்கள் கையில் மிஞ்சியது ஒரு கோப்பையின் ஞாபகமும், சில பழைய ஜெர்சிகளும்தான்.

ஐஎஸ்எல் கதையும் நிம்மதியானது இல்லை. அகில இந்திய கால்பந்து கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே 2010-ல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பதில் முடிவு எட்டப்படாததால், 2025 ஜூலையில் சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக வெளிப்படையாகவே அறிவித்தது. பல மாத இழுபறிக்குப் பிறகு 2026 பிப்ரவரியில்தான் சுருக்கிய வடிவில் லீக் தொடங்கியது. எங்கோ ஒரு ஒப்பந்தம் காலாவதியானால், நாடு முழுக்க பந்து நின்றுவிடுகிறது. மேலே மட்டும் கட்டடம், கீழே அஸ்திவாரம் இல்லை என்றால் இப்படித்தான் ஆகும்.

அப்போ சிஎஸ்கே எப்படி?

நியாயமான கேள்வி. தொழில்முறை அணிகளுக்கு வேர் இருக்காது என்றால், சென்னை சூப்பர் கிங்ஸுக்கு மட்டும் எப்படி இவ்வளவு பாசம்?

2016, 2017 என்று இரண்டு சீசன்கள் தடையில் இருந்துவிட்டு 2018-ல் அந்த அணி திரும்பி வந்தது. சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம் நடந்தது. காவிரிப் போராட்டத்தால் மற்ற சொந்த ஊர் ஆட்டங்கள் புனேவுக்கு மாறின. அப்போது சென்னையிலிருந்து ஒரு தனி ரயில் நிறைய ரசிகர்கள் புனேவுக்குக் கிளம்பினார்கள். ரயிலுக்கு 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்றே பெயர்.

காரணம் எளிது. 2008 முதல் அதே பெயர், அதே நிறம், அதே மைதானம். தலைமை ஏறக்குறைய அதே முகம். வீரர்கள் ராஞ்சியிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வந்தாலும், வந்தவர்கள் நிலைத்து நின்றார்கள். ஜனங்கள் அதைத்தான் 'நம்ம டீம்' என்றார்கள். தொழில்முறை அணியாலும் ஊரோடு ஒட்ட முடியும். அதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். பணம் மட்டும் போட்டால் வருவதில்லை.

நம் கல்லூரி ஆட்டங்களை ஏன் யாரும் பார்ப்பதில்லை?

பசங்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மையில் பார்ப்பதற்கு வழியே வைக்கவில்லை.

கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் சில நாட்களில் ஒரே இடத்தில் நடத்தி முடிக்கப்படுகின்றன. ஆட்டம் வேலை நாளில், காலை வெயிலில். போகிறவர்கள் அணி வீரர்களும் உடற்கல்வி இயக்குநரும் மட்டும்தான். சொந்த ஊரில் ஒரு ஆட்டம், எதிரணி ஊரில் ஒரு ஆட்டம் என்ற முறையே கிடையாது. அதனால் சொந்தக் கல்லூரி மாணவர்களே தங்கள் அணியைப் பார்ப்பதில்லை.

அடுத்தது, எதிரி யார் என்ற சிக்கல். திருத்தணியில் அருள்மிகு சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் என்பதால் சென்னைப் பல்கலைக்கழக வட்டம். அரை மணி நேரப் பயணத்தில் அரக்கோணம். அது ராணிப்பேட்டை மாவட்டம், வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழக வட்டம். சுற்றியிருக்கும் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். ஒரே பஸ்ஸில் போய் வரும் மாணவர்கள், ஒரே டீக்கடையில் நிற்கும் நண்பர்கள். ஆனால் அவர்களின் கல்லூரிகள் மைதானத்தில் சந்திக்க நிர்வாக எல்லை விடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு மோதாத ஆட்டத்தில் சூடு எங்கிருந்து வரும்?

எல்லைக்கோடு ஜனங்களை எவ்வளவு உசுப்பும் என்பது இந்த ஊருக்குத் தெரியும். ஆந்திரத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 'நாங்க யார் பக்கம்?' என்ற கேள்விக்கு இவ்வளவு பெரிய விலை கொடுத்த ஊரில், சொந்தமாக ஒரு அணிக்குக் கைதட்ட வாய்ப்பில்லை என்பது ஒரு முரண்.

மூன்றாவது, பெயர். அகில இந்திய அளவுக்குப் போகும்போது கல்லூரியின் பெயர் மறைந்து, பல கல்லூரிகளிலிருந்து பொறுக்கி எடுத்த பல்கலைக்கழக அணிதான் ஆடுகிறது. தேர்வுக்கு அது சரியான முறையாக இருக்கலாம். ஆனால் ரசிகர் ஒட்டிக்கொள்ள அங்கே பிடிமானம் இல்லை.

கல்லூரி ஆட்டத்தின் மறுபக்கம்

இதைச் சொல்லும்போது அமெரிக்க மாதிரியைத் தலையில் தூக்கி வைக்கவும் கூடாது. அங்கே பல பத்தாண்டுகளாக மைதானம் நிரம்பி வழிந்தது, டிவி பணம் கொட்டியது, பயிற்சியாளர்கள் கோடிகளில் சம்பளம் வாங்கினார்கள். பல மாநிலங்களில் அரசிடம் மிக அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியரே பல்கலைக்கழகப் பயிற்சியாளர்தான். ஆனால் அடிபட்டு எலும்பு முறிந்த மாணவனுக்குக் கல்வி உதவித்தொகை மட்டும். 'காலேஜ் பாசம்' என்ற பெயரில் நடந்த உழைப்புச் சுரண்டல் அது.

நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகுதான் நிலைமை மாறியது. 2021 ஜூலை முதல், மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு உடன்பாட்டின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம்.

வீரர்களுக்கு இது நியாயம். ஆனால் இன்னொரு மாற்றமும் சேர்ந்து வந்தது. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சுலபமானதால், அதிகப் பணம் தரும் இடத்துக்கு வீரர்கள் வருஷா வருஷம் தாவுகிறார்கள். போன வருஷம் 'நம்ம பையன்' என்று கொண்டாடியவன் இந்த வருஷம் எதிரணியில் நிற்கிறான். கல்லூரி ஆட்டத்தைத் தனித்து நிற்கவைத்த அந்த ஒட்டுதலே இப்போது சோதனையில் இருக்கிறது.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் தேவை. காலேஜ் படி ஏறாதவர்களுக்கு இதில் என்ன இடம்? 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம்; இந்தியச் சராசரி 28.4. நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் மாநிலத்தில்கூட பாதிக்கும் மேல் வெளியேதான். அதனால் கல்லூரி மைதானம் கேட் போட்டுக்கொள்ளாமல், சுற்றியிருக்கும் ஊர் முழுக்கும் திறந்திருந்தால்தான் அது 'நம்ம டீம்' ஆகும். நெப்ராஸ்காவில் கைதட்டுபவர்கள் எல்லோரும் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் இல்லை. அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள்.

என்ன செய்யலாம்?

இதற்குப் புதிதாக ஒரு லீக், ஒரு ஏலம், ஒரு நட்சத்திர உரிமையாளர் என்று எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரிகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. அரசு நினைத்தால் அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில், பல்கலைக்கழக எல்லையை மறந்து, பக்கத்து ஊர்க் கல்லூரிகளைக் கொண்டு வட்டார லீக் அமைக்க வேண்டும். திருத்தணி, அரக்கோணம், சோளிங்கர், திருவள்ளூர் என்று ஒரு வட்டம் போட்டாலே போதும், சூடு தானாக வரும். சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்று இரண்டு ஆட்டம். வேலைக்குப் போகிறவர்களும் வந்து பார்க்க சனிக்கிழமை சாயங்காலம். ஆண்கள் ஆட்டத்துக்கு முன்போ பின்போ அதே மைதானத்தில் பெண்கள் ஆட்டம். 2017-18 தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பில் மணிப்பூரை வீழ்த்திப் பட்டம் வென்றது தமிழ்நாடுதான். ஆனால் அந்தப் பெண்கள் ஆடுவதைத் தங்கள் ஊரில் நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஒளிபரப்புக்குச் சேனல் தேவையில்லை. ஒரு போன், ஒரு ஸ்டாண்ட், நம்ம ஊர்ப் பேச்சில் கமென்ட்ரி சொல்ல இரண்டு மாணவர்கள் போதும். பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் அதைப் பார்த்துக்கொண்டே பழைய வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை போடுவார்.

தொழில்முறை அணிகளுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. ஜப்பானில் பள்ளி மாணவர்களின் பேஸ்பால் போட்டி 1915 முதல் கோடைகாலத்தில் நடக்கிறது. அதற்காக ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் ஹான்ஷின் டைகர்ஸ் என்ற தொழில்முறை அணி, தன் சொந்த மைதானமான கோஷியனைப் பையன்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெளியூர் ஆட்டங்களுக்குக் கிளம்பிவிடுகிறது. தோற்ற அணியின் பையன்கள் அழுதுகொண்டே அந்த மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போவார்கள். நாடே டிவியில் பார்க்கும். அந்த மண் ஆசைதான் அடுத்த தலைமுறை வீரரையும், அடுத்த தலைமுறை ரசிகரையும் சேர்த்தே உருவாக்குகிறது. சென்னை நேரு ஸ்டேடியத்தில் வருஷத்துக்கு ஒரு நாள், மாநிலக் கல்லூரி இறுதி ஆட்டத்துக்கு வெளிச்சம் போட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மாணவர்களை வைத்துச் சம்பாதிக்கும் வேலையாக இது மாறக் கூடாது என்பதும் முதல் நாளே எழுதி வைக்க வேண்டிய விதி. காப்பீடு, மருத்துவச் செலவு, தேர்வுக்கு மாற்றுத் தேதி ஆகிய மூன்றும் உறுதியான பிறகுதான் விசில் ஊத வேண்டும்.

கடைசியாக...

கல்லூரி ஆட்டமா, தொழில்முறை ஆட்டமா என்ற கேள்விக்கு ஒரு பக்கம் சாய்ந்து பதில் சொல்ல முடியாது. ஆட்டம் எவ்வளவு உயரம் போக முடியும் என்று காட்டுவது தொழில்முறை லீக். அந்த உயரத்தில் நிற்பவர்கள் யாரோ எவரோ இல்லை, நம்மில் ஒருவர் என்று நம்பவைப்பது கல்லூரி மைதானம். இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் கட்டியதன் விலையைக் கோயம்புத்தூர் ஏற்கெனவே கொடுத்துவிட்டது.

கே.ஜி.கண்டிகையில் மஞ்சள் டி-ஷர்ட் போட்ட பையன் அதைக் கழற்ற வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மாற்றிப் போட்டுக்கொள்ள இன்னொரு டி-ஷர்ட் அவனிடம் இருக்கட்டும். அதன் முதுகில் கூடவே படிக்கும் நண்பனின் பெயர் இருக்கட்டும்.